படலத்துக்குக் கேடு வராத அளவில்

மாத்திரை சாப்பிட்டால் காய்ச்சல் போய்விடுகிறது. மாத்திரையை நிறுத்தினால், கொஞ்ச நாள் பொறுத்து, அதே காய்ச்சல் அதே நடுக்கத்தோடு திரும்பி வந்துவிடுகிறது. ஊருக்குப் போயிருந்த வீட்டுக்காரர் தன் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு உள்ளே வருவதுபோல, யாரையும் கேட்காமல் வருகிறது. டிக்கெட்காரருக்கு இது விளங்கவே இல்லை. செத்துப்போன காய்ச்சல் எப்படித் திரும்பி வரும்? சாகவில்லை என்றால் இடையில் எங்கே போய் இருக்கிறது?

அவரை எல்லோரும் டிக்கெட்காரர் என்றுதான் சொன்னார்கள். ஒரு திரையரங்கின் வாசலில் நின்று டிக்கெட்டைக் கிழித்து, பாதியைத் திருப்பிக் கொடுப்பது அவர் வேலை. வாழ்க்கையில் என்னத்தைக் கிழித்தாய் என்று கேட்டால் உடனே பதில் சொல்லக்கூடியவர் உலகத்தில் தாம் ஒருவர்தான் என்று அவர் ஒரு நகைச்சுவை வைத்திருந்தார். அதைச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. படம் பார்க்க வருகிறவர்கள் அவருடைய கையைப் பார்ப்பார்கள். டிக்கெட் கிழிந்ததும் இருட்டுக்குள் போய்விடுவார்கள். மனைவி போய்ச்சேர்ந்த பிறகு வீட்டிலும் பேச்சு நின்றுவிட்டது. பிள்ளைகள் இல்லை. தூரத்து ஊரில் ஒரு தங்கை இருந்தாள். அவள் மாமியார் படுத்த படுக்கை என்பதால் அவளால் வீட்டை விட்டு நகர முடியாது. போனில்தான் அண்ணன் தங்கை உறவு.

ஒருநாள் மாடிப் படியில் கால் இடறி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். எழுந்து நடக்க முடியாத ஆளால் கழிவறைக்குப் போக முடியாது. அதனால் சிறுநீர்ப்பைக்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டு, அதன் மறுமுனையைக் கட்டிலில் தொங்கும் பையில் சேர்த்தார்கள். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எலும்பு கூடியது. அவர் கம்பு பிடித்து நடந்தார், பிறகு கம்பில்லாமல் நடந்தார். அவர் நடந்தபோது பையும் கூடவே நடந்தது. குழாயைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எலும்பில் தகடு மாதிரி இதுவும் ஒரு நிரந்தர ஏற்பாடு போலிருக்கிறது என்று அவரும் இருந்துவிட்டார்.

பிறகு காய்ச்சல் தொடங்கியது.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்தி, குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. காலையில் எழுந்ததும் பல்லை நாக்கால் தடவிப் பாருங்கள். மெழுகு பூசினாற்போல் ஒன்று தட்டுப்படும். ஈரமும் ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பும் இருந்தால் பாக்டீரியாக்கள் இப்படித்தான் குடியேறுகின்றன. முதலில் சில வந்து ஒட்டும். ஒட்டியதும் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன ஒரு பசையைச் சுரந்து தங்களை மூடிக்கொள்ளும். உள்ளே பெருகும். வேறு இனங்களும் வந்து சேரும். அடுக்கடுக்காக வீடு எழும். இதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். ஆன்டிபயாடிக் மருந்து, வெளியில் திரிகிற பாக்டீரியாவைக் கொன்றுவிடும். படலத்தின் அடியில் இருப்பவற்றிடம் அதன் வேலை நடக்காது. பசை ஓரளவு தடுக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அடியில் இருப்பவை சரியாகச் சாப்பிடாமல், வளராமல், அரைத்தூக்கத்தில் கிடக்கும். பெரும்பாலான மருந்துகள் வளர்கிற பாக்டீரியாவைத்தான் பிடிக்கும். தூங்குவதை எழுப்பிக் கொல்லாது. மருந்தை நிறுத்தியதும் உள்ளிருந்து சில கிளம்பி வெளியே நீந்தும். அதுதான் காய்ச்சல். செத்தது திரும்பி வரவில்லை. வீட்டில் இருந்தது வாசலுக்கு வந்திருக்கிறது.

இதை அவருக்கு யாரும் இப்படிச் சொல்லவில்லை. காய்ச்சல் பலமுறை வந்துபோன பிறகு, அவரை அதே வளாகத்தின் மேல்மாடியில் இருந்த ஆன்டிபயாடிக் மாற்றுவழிகள் உயர் ஆய்வு மையத்துக்கு மாற்றினார்கள். தனி அறை, ஜன்னல், வெள்ளைத் திரை. முதல் நாள் காலையில் மையத்தின் இயக்குநர் பரிவாரத்தோடு வந்தார். டிக்கெட்காரர் எழுந்து உட்கார்ந்து வணக்கம் சொன்னார். இயக்குநர் குனிந்து, குழாயின்மேல் டார்ச் அடித்து, வெகுநேரம் பார்த்தார்.

“அருமை,” என்றார். “எவ்வளவு கச்சிதமா உக்காந்திருக்கு.”

தாம் உட்கார்ந்திருப்பதைத்தான் சொல்கிறார் என்று நினைத்த டிக்கெட்காரர், முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார்.

மையத்தில் நான்கு பிரிவுகள் இருந்தன. நான்குமே நல்ல யோசனைகளின்மேல் கட்டப்பட்டவை. அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். முதல் பிரிவு பாக்டீரியாவை வேட்டையாடும் வைரஸ்களை வளர்த்தது. அந்த வைரஸ் குறிப்பிட்ட ஒரு பாக்டீரியாவின்மேல் இறங்கும், தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தும், உள்ளேயே பெருகி, அதை வெடிக்கவைத்து வெளியே வரும். மனித செல்லைத் தொடாது. இரண்டாவது, நொதிப் பிரிவு. படலத்தின் பசை சர்க்கரை இழைகளால் ஆனது என்றேன் அல்லவா, அந்த இழைகளைக் கத்தரிக்கும் நொதிகள் உண்டு. கூரையைப் பிரித்துவிட்டால் உள்ளே இருப்பவை வெளியில் வந்துதானே ஆக வேண்டும். மூன்றாவது மின்சாரப் பிரிவு. மெல்லிய மின்னோட்டம் படலத்தின் பிடியைத் தளர்த்தும். நான்காவது பேச்சுத்தடைப் பிரிவு. பாக்டீரியாக்கள் சின்னச்சின்ன ரசாயனங்களை விட்டு, அக்கம்பக்கத்தில் தங்களைப்போல் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும். போதுமான ஆள் சேர்ந்துவிட்டது தெரிந்த பிறகுதான் பல காரியங்களைச் சேர்ந்து செய்யும். அந்தப் பேச்சை மறித்துவிட்டால் ஒவ்வொன்றும் தான் தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும்.

அந்தக் கடைசி விஷயத்தை ஒரு பயிற்சி மாணவி சொன்னபோது, டிக்கெட்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ஆமாம், அப்படித்தான் இருந்துவிடும் என்றார்.

ஒவ்வொரு பிரிவுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை நொதிப் பிரிவு. அதன் பொறுப்பாளரான அம்மாள் சின்ன சொட்டுக்குழலோடு வருவார், குழாயின் வெளிப்புறத்தில் ஒரு சொட்டு விடுவார், துடைத்துவிட்டுப் போவார். டிக்கெட்காரர் திங்கட்கிழமை மாலையே சவரம் செய்துகொள்வார். அந்த அம்மாள்தான் கட்டில் பக்கத்தில் கொஞ்சநேரம் உட்காருவார். தன் பூனைக்குப் பல்வலி என்பதுபோல ஏதாவது சொல்வார். ஒருநாள் இவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஏம்மா, மருந்தை உள்ளதான விடணும்? நீங்க வெளியில விட்டுத் தொடச்சிடறீங்க.”

“உள்ள விட்டா வேலை செஞ்சிடுமே,” என்றார் அந்த அம்மாள், குழந்தைக்குச் சொல்வதுபோல.

விவரம் இதுதான். நான்கு பிரிவுகளும் தங்கள் முறையை ஒரே படலத்தின்மேல் பரிசோதித்தால்தான் எது சிறந்தது என்று ஒப்பிட முடியும். ஒரு பிரிவு படலத்தை அழித்துவிட்டால் மற்ற மூன்றுக்கும் ஒப்பிட எதுவும் மிஞ்சாது, அது ஓரவஞ்சனை. ஆகவே எல்லாப் பிரிவுகளும் தங்கள் சிகிச்சையைப் படலத்துக்குக் கேடு வராத அளவில் செய்துகொள்ளலாம் என்று இயக்குநர் விதி செய்திருந்தார். வைரஸ் பிரிவுக்காரர் ஒரு குடுவையில் வைரஸ்களைக் கொண்டுவந்து, குழாய்க்கு அருகில் கொஞ்சநேரம் பிடித்துவிட்டு எடுத்துப் போவார். முதலில் பழகட்டும் என்பார். மின்சாரப் பிரிவுக்காரர் கம்பிகளை மாட்டுவார், மீட்டரைப் பார்ப்பார், கழற்றுவார். மின்சாரம் இல்லாத நிலையில் படலம் எப்படி இருக்கிறது என்பது நன்றாகப் பதிவாகி வருவதாகச் சொன்னார். பேச்சுத்தடைப் பிரிவுக்காரர் வந்தால் ஒரு வார்த்தை பேச மாட்டார். அது ஆராய்ச்சியின் பகுதியா, அவர் சுபாவமா என்று தெரியவில்லை.

இந்தக் குழாயைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது பொது வழக்கம். படலம் கெட்டுவிடும் என்பதால் மையம் அதை நிறுத்திவைத்திருந்தது.

தங்கை ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். அவர் பெருமையாகச் சொல்வார். பெரிய பெரிய டாக்டர்கள் தினமும் வருகிறார்கள், நேற்று ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார், போட்டோ எடுத்தார்கள். தங்கை மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்பாள். கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம் போனில் வரும்.

“சரிண்ணே, இடுப்பு எப்படி இருக்கு?”

“நல்லா நடக்கறேன். வராந்தா கடைசி வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன்.”

“கழிவறைக்கு நடந்து போக முடியுமா?”

“அதான் சொல்றேனே, எங்க வேணாலும் நடப்பேன்.”

“அப்புறம் எதுக்குண்ணே அந்தக் குழாய்?”

அவர் பக்கத்தில் தொங்கிய பையைப் பார்த்தார். டாக்டர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்டுவிட்டுச் சொல்வது சுலபம் என்றுதான் நினைத்தார்.

முதலில் வார்டு டாக்டரம்மாவைக் கேட்டார். இளம் வயதுக்காரர். மையத்தில் யாருக்கும் சொந்தமில்லாத வேலைகள் எல்லாம் அவர் தலையில்தான் விழும். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, எனக்கும் அது தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். வைத்தவர்கள்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. எலும்புப் பிரிவைப் போனில் கேட்டார். எலும்பு எங்களுடையது, குழாய் எங்களுடையது அல்ல என்றார்கள். சிறுநீரகப் பிரிவைக் கேட்டார். நாங்கள் வைத்திருந்தால் நாங்கள் எடுப்போம், நாங்கள் வைக்கவில்லை என்றார்கள். மயக்கமருந்துப் பிரிவில் கேட்டபோது, அன்றைக்கு வைத்தவர் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டதாகவும், அவர் திரும்பி வந்தால் அவசியம் சொல்லியனுப்புவதாகவும் சொன்னார்கள்.

கடைசியில் கேள்வி மையத்தின் ஆலோசனைக் குழுவுக்குப் போனது. பாக்டீரியா போதுமான ஆள் சேர்ந்த பிறகுதான் காரியத்தில் இறங்கும் என்று சொன்னேன். குழுவும் அப்படித்தான்; குறைந்தபட்ச உறுப்பினர்கள் வராமல் கூட்டம் செல்லாது. ஆள் சேராமல் பலமுறை தள்ளிப்போய், ஒருவழியாகச் சேர்ந்தது. ஆள் சேர்ந்ததும் பாக்டீரியா காரியத்தைத் தொடங்கிவிடும். இவர்கள் தேநீர் குடித்தார்கள். டிக்கெட்காரரைப் பையோடு அழைத்துப்போய் ஓரமாக உட்காரவைத்திருந்தார்கள். இயக்குநர் எழுந்தார்.

“நண்பர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். குழாய் ஏன் இருக்கிறது? ஆழமான கேள்வி. ஆனால் ஏன் இருக்கிறது என்பதெல்லாம் தத்துவத்தில் வரும், நம்முடையது அறிவியல். குழாய் இருக்கிறது. அதில் படலம் இருக்கிறது. படலத்தை எதிர்க்க நாம் இருக்கிறோம். நாளைக்கே குழாயை எடுத்துவிட்டால் படலம் போய்விடும். படலம் போனால் நான்கு பிரிவுகள், இந்த மாடி, புதிதாகக் கட்டுகிற கட்டடம், இவை எல்லாம் எதை எதிர்த்து நிற்கும்? ஒரு நோயாளியின் சௌகரியத்துக்காக மனிதகுலத்தின் போராட்டத்தை நாம் கைவிட முடியாது. பாக்டீரியாவைப் பாருங்கள். எவ்வளவு ஒற்றுமை. ஒட்டிய இடத்தை விடுவதில்லை, எந்த மருந்துக்கும் அசைவதில்லை, தலைமுறை தலைமுறையாக அதே நாற்காலியில். இந்த மையத்தை நிறுவியபோது என் மனதில் இருந்ததும் அதுதான்.”

எல்லோரும் கைதட்டினார்கள். டிக்கெட்காரரும் தட்டினார். மற்றவர்கள் தட்டும்போது சும்மா இருப்பது மரியாதையில்லை.

படலத்துக்கு முதலாம் ஆண்டு நிறைவு வந்தபோது அவர் அறையில் கேக் வெட்டினார்கள். அறை கொள்ளாத கூட்டம். அவருக்கு மனது நிறைந்திருந்தது. இத்தனை பேர் தன்னைச் சுற்றி நின்றது தன் கல்யாணத்தில்தான் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அவருக்குக் கேட்கவில்லை. போட்டோ எடுப்பவர் கொஞ்சம் இடப்பக்கம் சாயச் சொன்னார். சாய்ந்தார். இன்னும் கொஞ்சம் என்றார். இப்போது அவர் முகம் படத்தில் விழாமல், குழாய் முழுதாக விழுந்தது. எல்லோரும் போன பிறகு தட்டில் கேக் துணுக்குகள் இருந்தன. அவற்றை விரலால் ஒற்றியெடுத்துச் சாப்பிட்டார். திரையரங்கிலும் இப்படித்தான், எல்லோரும் போன பிறகு இருக்கைகளுக்கு நடுவில் நடந்து போனால் சோளப்பொரி காலில் மிதிபடும்.

அந்த வாரம் வந்த காய்ச்சல் முன்பு வந்தவைபோல் இல்லை. பட்டப்பகலில், ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, கட்டில் கால்கள் தரையில் தடதடவென்று அடிக்கும் அளவுக்கு உதறியது. கம்பளிமேல் கம்பளி போட்டும் குளிர் உள்ளிருந்து வந்தது. மனைவி பெயரைச் சொல்லி, கதவைச் சாத்து, கதவைச் சாத்து என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். பாக்டீரியா ரத்தத்தில் கலந்துவிட்டது. டாக்டரம்மா ஊசிமேல் ஊசியாகப் போட்டு, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். நடுவில் இயக்குநர் எட்டிப்பார்த்து, படலத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டுவிட்டு, ஆகவில்லை என்றதும் நிம்மதியாகப் போனார்.

தெளிந்த பிறகு டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்க கிட்ட மறைக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் ஒரு மருந்து கேக்காமப் போயிட்டே இருக்கு. இப்போ போட்டது கடைசில மிச்சமிருந்தது. இதோட மாத்திரையை மறக்காம முழுசா சாப்பிடுங்க. அடுத்த தடவை வந்தா, என் கிட்ட குடுக்க ஒண்ணும் இல்ல.”

“அப்போ?”

டாக்டரம்மா போர்வையின் மடிப்பைச் சரிசெய்துவிட்டு எழுந்து போனார்.

டிக்கெட்காரர் தங்கைக்குப் போன் செய்தார். அன்று ஞாயிறு இல்லை என்பதால் அவள் பதறிப்போய் எடுத்தாள். ஒன்றும் இல்லை, சும்மாதான் என்றார். மாமியார் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அப்படியேதான் இருக்கிறார் என்றாள். உனக்கு மூட்டுவலி தேவலையா என்று கேட்டார். பிறகு கேட்க ஒன்றும் இல்லை. ஆனாலும் வைக்க மனமில்லாமல், மாமியாருக்கு இன்றைக்கு என்ன கஞ்சி என்று கேட்டார்.

அவர் உயிர் பிழைத்த கதை இனிமேல்தான் வருகிறது. அதைச் சாதித்தது எந்த மருத்துவக் கருத்தும் அல்ல, புதுக் கட்டடம்.

கட்டடத்தின் முகப்பில் விளக்கு வைத்த ஒரு கண்ணாடிப் பேழை அமைத்திருந்தார்கள். உள்ளே என்ன வைப்பது என்று குழு வெகுநாள் யோசித்தது. இயக்குநரின் மார்பளவுச் சிலை என்று சிலர் சொன்னார்கள். அவர் தன்னடக்கத்தோடு மறுத்து, மையத்தின் பெருமைக்கெல்லாம் காரணமான மூலப் படலத்தையே வைக்கலாம் என்றார். நான்கு பிரிவுகளின் அத்தனை முயற்சிகளையும் தாங்கி நின்ற படலம் அல்லவா அது. குழாயோடு எடுத்துப் பேழையில் வைத்துவிடுவது, நோயாளிக்கு உடனே புதுக்குழாய் வைத்து, அதில் இரண்டாம் தலைமுறைப் படலத்தை வளர்ப்பது என்று தீர்மானமானது. எல்லோருக்கும் சந்தோஷம். இப்படியாக, காய்ச்சலுக்காக எடுக்க முடியாத குழாய் கண்காட்சிக்காக எடுக்கப்பட்டது.

அந்தக் குழாய் உள்ளே எப்படி நிற்கிறது தெரியுமா? அதன் நுனியில் ஒரு குட்டி பலூன் இருக்கும். உள்ளே விட்ட பிறகு அதில் தண்ணீரை நிரப்புவார்கள். பலூன் உப்பிக்கொள்ளும், குழாய் வெளியே வராது. எடுக்கும்போது ஊசிக்குழலால் அந்தத் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் போதும், வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அவ்வளவுதான் வித்தை. அன்றைக்கு அறையில் நடந்த வரவேற்புரை முடிவதற்குள் குழாய் வெளியே வந்துவிட்டது. வெல்வெட் விரித்த தட்டில் அதை வைத்து, நான்கு பிரிவுத் தலைவர்களும் ஆளுக்கு ஒரு மூலையாகப் பிடித்துக்கொண்டு, இயக்குநர் முன்னால் நடக்க, எல்லோரும் பின்னால் போனார்கள். வராந்தாவில் காலடிச் சத்தம் தேய்ந்து, லிஃப்ட் கதவு மூடியது. டிக்கெட்காரர் தனியாக இருந்தார்.

கொஞ்சநேரத்தில் நர்ஸ் புதுக்குழாய் இருந்த பொட்டலத்தோடு வந்தார். திறக்கும் முன் நின்றார். புதிதாகக் குழாய் வைப்பதென்றால் என்ன காரணத்துக்காக என்று சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும்; கீழ்மாடியில் இருக்கும் தொற்றுத் தடுப்புக் குழு சமீபத்தில் கொண்டுவந்த விதி அது. ஏற்கெனவே உள்ள குழாய்களைப் பற்றி அந்தக் குழு எதுவும் சொல்லவில்லை. அது அவர்கள் அதிகாரத்தில் வராது. காரணங்களை அவர்களே சொல்லியிருந்தார்கள். நோயாளிக்குத் தானாகச் சிறுநீர் போக முடியாமல் இருக்கலாம், பெரிய ஆபரேஷனில் இருக்கலாம், இப்படிச் சில. இரண்டாம் தலைமுறைப் படலம் வளர்க்க என்று ஒரு காரணம் அதில் இல்லை. நர்ஸ் இயக்குநருக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. பிரிவுத் தலைவர்களும் எடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு கை தட்டில் இருந்தது.

“நீங்களே சொல்லிடுங்க ஐயா,” என்றார் நர்ஸ். “தானா போக முடியாதுன்னு சொன்னீங்கன்னா இப்பவே வெச்சிடறேன். முடியுமா, முடியாதா?”

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். முடியாது என்பது ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் செவ்வாய்க்கிழமை அந்த அம்மாள் வருவார். பூனையின் பல் என்ன ஆயிற்று என்று இன்னும் தெரியவில்லை. வியாழக்கிழமை வைரஸ்காரர் வருவார். அடுத்த வருடம் மறுபடி கேக் வெட்டுவார்கள். கதவைத் தட்டாவிட்டாலும் ஆள் வரும். இல்லாவிட்டால் வீடு, ஒரு தட்டு, ஒரு தம்ளர், சுவர்.

“தெரியலம்மா,” என்றார். “போய்ப் பாத்தாத்தான் தெரியும்.”

“அப்போ போய்ப் பாருங்க.”

இதை அந்தக் கட்டடத்தில் இதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. தண்ணீர் குடித்தார். இன்னும் குடித்தார். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து காத்திருந்தார். நர்ஸ் மற்ற அறைகளைப் பார்த்துவிட்டு வந்து எட்டிப்பார்த்தார், போனார். பிறகு அவர் எழுந்து கழிவறைக்கு நடந்தார். கையில் பை இல்லாததால் நடை ஒரு பக்கமாக இழுத்தது. கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். ஒன்றும் வரவில்லை. வெகுகாலம் வேலையில்லாமல் இருந்த உறுப்பு. அதற்குத் தன் வேலை ஞாபகத்துக்கு வர வேண்டும். கீழே ஒலிபெருக்கியில் இயக்குநரின் குரல் ஏறி இறங்கியது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் கண்ணை மூடிக்கொண்டார். எரிச்சலோடு ஒரு சொட்டு வந்தது. பிறகு கீழே பெரிய கைதட்டல் எழுந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில்தான் தாராளமாக வந்தது.

நர்ஸ் பொட்டலத்தைத் திறக்காமல் எடுத்துப் போனார். காரணம் இல்லாமல் வைக்க முடியாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த அம்மாள் பழக்கதோஷத்தில் சொட்டுக்குழலோடு வந்துவிட்டார். கட்டிலின் ஓரத்தில் பை தொங்காததைப் பார்த்து நின்றார். இப்போது எதுவும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்று இவர் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

“ஏம்மா, பூனைக்குப் பல்லு?”

“புடுங்கிட்டாங்க,” என்றார் அவர், கதவருகிலிருந்து. “இப்போ நல்லா சாப்பிடுது.”

வேறு யாரும் வரவில்லை. வியாழன் வந்து போனது. காய்ச்சல் வரக்கூடிய நாட்களும் வந்தன. அவர் புறங்கையால் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். டாக்டரம்மா சிறுநீரை எடுத்துப் பரிசோதித்தார், மறுபடி பரிசோதித்தார். அதில் பாக்டீரியா எதுவும் வளரவில்லை. இனி வீட்டுக்குப் போகலாம் என்றார்.

போகும் நாளன்று இயக்குநரே வந்தார். வழக்கம்போல் குனிந்தார். பார்க்க எதுவும் இல்லாததால் நிமிர்ந்தார். டிக்கெட்காரருடைய முகத்தை இயக்குநர் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

“நாலு பிரிவும் வேலையில்லாம உக்காந்திருக்கு,” என்றார். “வேற எத்தனையோ பேர் கிட்ட பாத்தாச்சு. உங்களுது மாதிரி ஒரு படலம் வராது. ஒரு சின்னக் குழாய்தான். விதியை நான் பாத்துக்கறேன். வாழ்நாள் முழுக்க இந்த அறை உங்களுக்கு. தினம் ஆள் வரும். தனியா இருக்கவே மாட்டீங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் டிக்கெட்காரரிடம் இப்படிச் சொன்னதில்லை என்பதால், மரியாதைக்காகவாவது அதைக் கொஞ்சநேரம் யோசித்துப் பார்த்தார்.

“இல்லீங்க,” என்றார். “அந்தக் காய்ச்சல் ரொம்பக் குளிருதுங்க. கூட எத்தனை பேர் நின்னாலும் அந்தக் குளிர் குறையல.”

மையத்தின் ஆண்டு அறிக்கையில், நோயாளி சிகிச்சையைப் பாதியில் கைவிட்டார் என்று எழுதினார்கள்.

வீட்டில் கதவைத் திறந்தபோது அடைந்து கிடந்த வாசம் வந்தது. ஜன்னல்களைத் திறந்தார். தண்ணீர் பிடித்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில், நாலு வழி வைத்திருந்தார்களே, உனக்கு எந்த வழியில் குணமானது என்று கேட்டாள். அவரால் சொல்ல முடிந்தது.

“ஒண்ணும் பெருசா இல்லம்மா. தேவையில்லாத குழாய எடுத்துட்டாங்க. மறுபடி வைக்கல. மிச்சம் இருந்த மாத்திரைய முழுசா சாப்பிட்டு முடிச்சேன். படலம் ஒட்டறதுக்கு உள்ள இடமே இல்ல, அதனால காய்ச்சல் திரும்பி வரல.”